நாலாவது நாற்காலி

உதவிக் கச்சேரிக்கு வேகவைக்கிற பீன்ஸ் எப்போதும் அடிப்பிடிக்கும். சமைக்கிறவர்கள் சட்டியைச் சிறு தீயில் விட்டுவிட்டுப் பாட்டுக் கேட்கக் கூடத்துக்குப் போய்விடுவார்கள். பிறகு அந்தச் சட்டியைத் தேய்க்க ஓர் ஆள் வேண்டும். எங்கள் ஸ்லேட் ஃபோர்க் ஊரில் அந்த ஆள் பல வருஷமாக நான்தான். வெந்நீர் ஊற்றி, சோடா உப்புப் போட்டு ஊறவிட்டால் கரி தானாக வந்துவிடும். யாருக்கும் பொறுமை இல்லை, அவ்வளவுதான்.

ரென்ஃப்ரோ சார், வாயால் சொன்னதையெல்லாம் கைப்பட எழுதிக் கொடு என்று காகிதம் கொடுத்தீர்கள். என் எழுத்து பெரிசு பெரிசாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நாற்பது தாண்டித்தான் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொடுத்தது ஓமா. சமையலறை மேசையில் விதைப் பாக்கெட்டுகளைப் பரப்பி, படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, "இது என்னன்னு படி. தப்பாப் படிச்சா அதத்தான் இன்னிக்குத் தின்னணும்" என்பாள். டர்னிப்பை நான் நிறையத் தின்றிருக்கிறேன்.

ஓமா என் நண்பன் டூயியின் மனைவி. டூயியும் நானும் ஒரே மர அறுவை மில்லில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவன் மரத்தை ரம்பத்துக்குள் தள்ளுவான், நான் மறுபக்கத்தில் பலகையை வாங்குவேன். ரம்பச் சத்தத்தில் பேச முடியாது. அதனால் இரண்டு பேரும் மனசுக்குள் பாட்டுக் கட்டுவோம். சாப்பாட்டு நேரத்தில் ஒருவருக்கொருவர் பாடிக் காட்டுவோம். அவன் கட்டிய ஒரு பாட்டை பாட்டுக்காரர்களின் ஊரான நாஷ்வில்லில் யாரோ பெரிய பாடகர் பாடினார், அது ரேடியோவில் வந்தது. டூயி மில்லை விட்டான். நான் இன்னமும் பலகை வாங்கிக்கொண்டிருந்தேன்.

என் பாட்டும் நன்றாக இருக்கும். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. டூயியே சொல்லியிருக்கிறான்.

இதைக் கோர்ட்டில் படிக்கிறவர் வெளியூர்க்காரராக இருக்கலாம், அதனால் கச்சேரி முறையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குக் கஷ்டம் வந்தால் ஊர் கூடிச் சாப்பாடு போடும், கேக்குகளை ஏலம் விடும். நாஷ்வில்லிலிருந்து பாட்டெழுதுகிறவர்கள் வந்து பாடுவார்கள். பாடகர்கள் இல்லை, பாட்டைக் கட்டினவர்கள். நாலு நாற்காலி வரிசையாகப் போட்டிருக்கும், நாலு பேர் கிட்டாரோடு உட்கார்வார்கள். ஒருவர் பாடினால் மற்ற மூவர் கேட்டுக்கொண்டு மெல்ல வாசிப்பார்கள். பாடுவதற்கு முன்னோ பின்னோ அந்தப் பாட்டு எப்படி வந்தது என்று ஜனங்களிடம் சொல்ல வேண்டும். யாருடைய சமையலறையில் வந்தது, எந்த மனைவி விட்டுப்போனபோது வந்தது, எத்தனை நாள் இழுத்தது, எல்லாம். அதில் மட்டும் யாரும் பொய் சொல்ல மாட்டார்கள். பாட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் பொய் இருக்கலாம். அது வந்த கதையில் கூடாது. இது எழுதாத சட்டம்.

இன்னொரு சட்டமும் உண்டு. மூன்று நாற்காலி நாஷ்வில்காரர்களுக்கு. நாலாவது, கஷ்டப்பட்ட வீட்டுக்கு நெருங்கினவருக்கு. கஷ்டப்பட்டவரே ஏறி உட்காரக்கூடாது, பிச்சை கேட்கிற மாதிரி இருக்கும். அண்ணன் தம்பி, அத்தை மகன், பக்கத்து வீட்டுக்காரன், யாராவது கிட்டார் தெரிந்தவர் ஏறுவார். சுமாராகப் பாடினாலும் ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டுவார்கள்.

எனக்கு அந்த நாற்காலி ஒருமுறை கிடைத்தது. வெள்ளம் வந்த வருஷம் என் தம்பி லோனியின் வீடு ஆற்றோடு போய்விட்டது. நான் அண்ணன், அதனால் நாற்காலி எனக்கு. வெள்ளத்தைப் பற்றிக் கட்டின பாட்டைப் பாடினேன். பள்ளிக்கூடத்துக் கூடம் நிறைய ஜனம். பாடி முடித்ததும் யாரும் கை தட்டவில்லை. மூச்சே இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு மொத்தமாக எழுந்தார்கள். கச்சேரியை நடத்துகிற நாஷ்வில் பாட்டுக்காரி கார்லிஸ் ஹேட்மேக்கர் என் தோளில் கை வைத்து, "இத்தன நாளா எங்கய்யா இருந்த?" என்று மைக்கிலேயே கேட்டாள். மில்லில் இருந்தேன் என்றேன். ஜனம் சிரித்தது. நல்ல சிரிப்பு.

என் வாழ்க்கையில் நல்ல நாள் எது என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அதன்பிறகு லோனி சீக்கிரமே தேறிவிட்டான். ஒஹாயோவில் வேலை கிடைத்துப் போனான். நான் சட்டிகளுக்குத் திரும்பினேன்.

அடுத்தது பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற நடீனுக்குப் புற்றுநோய் என்று கச்சேரி வைத்தார்கள். நான் அவள் வீட்டுக்கு அடிக்கடி போனேன். சூப் கொண்டுபோனேன், புல் வெட்டிக் கொடுத்தேன், நாயைக் குளிப்பாட்டினேன். நெருங்கினவன் என்றால் அந்த மாதத்தில் அவளுக்கு என்னைவிட நெருங்கினவன் இல்லை. நாற்காலியை அவளுடைய சித்தி மகனுக்குக் கொடுத்தார்கள். அவனுக்குக் கிட்டாரில் மூன்றே மூன்று கார்டுகள், அதாவது விரல்பிடிகள், தெரியும், அதிலும் ஒன்று தப்பாகப் பிடிப்பான். அவனுக்கும் ஜனம் எழுந்து நின்றது. நான் கூடத்துக்குப் பின்னால் சமையலறையில் நின்று அதைக் கேட்டேன்.

டல்லி பிரான்ஸ்கம் காப்பிக்கு உள்ளே வந்தான். நாஷ்வில் ஆள், எல்லோரையும் மாப்ளே என்று கூப்பிடுகிறவன். என்னைப் பார்த்து, "மாப்ளே, பாட்டுக்காரங்கள்லயே சட்டிய இந்தப் பளபளப்புக்குத் தேய்க்கறவன் நீ ஒருத்தன்தான்டா" என்றான்.

"பாட்டையும் அப்படித்தான் தேய்ப்பேன்" என்றேன்.

"அதான் ஓட்டையாப் போயிருது போல" என்று சொல்லிக் காப்பியை எடுத்துக்கொண்டு போனான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவன் எல்லோரிடமும் அப்படித்தான்.

அன்று கச்சேரி முடிந்ததும் கார்லிஸை வெளியே வண்டிகள் நிற்கிற இடத்தில் பிடித்தேன். என் டிரக்கின் பின்கதவை இறக்கி அதில் உட்கார்ந்து ஒரு பாட்டுப் பாடிக் காட்டினேன். சுரங்கம் இடிந்து ஓர் அப்பனும் மகனும் சாகிற பாட்டு. அவள் முழுக்கக் கேட்டாள். பாதியில் கைபேசியைப் பார்க்கவில்லை. அது அவளிடம் உள்ள மரியாதை.

"நல்லாக் கட்டியிருக்க. கட்டுமானத்துல ஒரு குறை சொல்ல முடியாது" என்றாள். "ஆனா இது நடக்கல, இல்ல?"

"நடக்கல."

"அதான். வெள்ளப் பாட்டு நடந்தது. அந்தத் தண்ணி உன் குரல்ல இருந்துச்சு. இதுல சுரங்கம் இல்லப்பா, சுரங்கத்தப் பத்தின பேச்சுதான் இருக்கு. ஜனங்க முட்டாள் இல்ல. நடக்காதத மோந்து பாத்தே கண்டுபிடிச்சிருவாங்க. நடந்தத எழுது, வெர்லின். உனக்கு நடந்தத எழுது."

எனக்கு என்ன நடக்கிறது, சார். காலையில் மில், சாயங்காலம் டிரெய்லர் வீடு, ஞாயிற்றுக்கிழமை டூயி வீட்டில் சாப்பாடு. அதை வைத்து என்ன எழுதுவது.

டூயி வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். குன்றின் மேல் தனியாக நின்ற மரவீடு. முன்வாசல் மரத்தளத்துக்குக் கீழே குளிர்காலத்துக்கான விறகை வெயில் காலத்திலேயே அடுக்கிக் காயவைத்திருப்பார்கள். ஞாயிறு தவறாமல் எனக்குத் தட்டு வைத்துவிடுவாள் ஓமா. வரவில்லை என்றால் திட்டுவாள். டூயி நாஷ்வில் போகிற நாட்களில் நான்தான் வண்டி ஓட்டுவேன், அவன் கிட்டாரைத் தூக்குவேன். ஒவ்வொரு முறையும், "அடுத்த தடவ உன்னப் பத்தி அவங்ககிட்டப் பேசறேன்டா" என்பான். பேசினானா என்று நான் கேட்டதில்லை. கேட்டால் அவனுக்குச் சங்கடம்.

ஓமாவுக்கு என் பாட்டுகள் எல்லாம் தெரியும். பட்டாணி உரித்துக்கொண்டே கேட்பாள். ஒருநாள் சொன்னாள்: "ஏன்டா வெர்லின், உன் பாட்டுல ஆள் சாகாம ஒண்ணு உண்டா? ஒரே ஒரு தடவ அதுங்க ராத்திரிச் சாப்பாட்டத் தின்னுட்டு நல்லாத் தூங்கற மாதிரி எழுதேன்."

"அத யாரு கேப்பா?" என்றேன்.

"நான் கேப்பேன்."

"நீ ஒருத்தி."

"ஆமா, நான் ஒருத்திதான். பெரிய சந்தைல விக்கப் பாக்கற முட்டாளுக்கு இந்த ஒருத்தி போதலையாக்கும்" என்று பட்டாணித் தோலை என் மேல் வீசினாள். டூயி சிரித்தான். நானும் சிரித்தேன்.

புதிய பாட்டு வந்தது வசந்தத் தொடக்கத்தில், ரெட்பட் மரங்கள் பூத்த சமயம். பலகை வாங்கிக்கொண்டிருந்தேன். கேட்காமலே வந்தது.

புதன்கிழமை ஊரெல்லாம் ஜெபத்துக்குப் போச்சு,
குன்றுமேல ஒத்தவீடு நெருப்போட போச்சு.

கையில் பலகையை வைத்துக்கொண்டே நின்றுவிட்டேன். எங்கள் ஊரில் புதன்கிழமை சாயங்காலம் ஜெபக் கூட்டத்துக்கு எல்லோரும் போவார்கள், நெருப்பு வண்டியை ஓட்டுகிறவர்கள்கூட. அந்த வண்டிக்குச் சம்பள ஆள் கிடையாது. கடைக்காரர், மெக்கானிக், பாதிரியாரின் மருமகன் இவர்கள்தான் ஓட்டுவார்கள். ஆக, புதன்கிழமை நெருப்புப் பிடித்தால் வெகுநேரத்துக்கு அதை அணைக்க ஆளே வராது. இவ்வளவும் அந்த இரண்டு வரியில் இருந்தது. நல்ல வரி என்றால் அப்படித்தான், சொல்லாததையும் சுமக்கும்.

நான் எதையும் திட்டம் போடவில்லை என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். பாட்டு முதலில் வந்தது. மற்றது பிறகுதான்.

வசந்தம் முழுக்க அதைத் தேய்த்தேன். இரண்டாம் சரணம் படிய மறுத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை முணுமுணுத்துக்கொண்டே அவர்கள் வீட்டுப் பாத்திரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஓமா, "புதுசா?" என்று கேட்டாள்.

"புதுசுதான்."

"யாரு சாகறா?"

"இன்னும் முடிவு பண்ணல" என்றேன். அப்போது அது உண்மை.

"சீக்கிரம் முடிவு பண்ணு. அவங்களுக்கும் வேலை இருக்கும்ல" என்றாள்.

சோளம் முழங்கால் உயரம் வந்தபோது பாட்டு முடிந்துவிட்டது. கட்டுமானத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. டிரெய்லரில் தனியாக உட்கார்ந்து பாடிப் பார்த்தேன். அப்போது கார்லிஸ் சொன்னது காதில் கேட்டது. அவள் சொன்னது சரி. வீடு இருந்தது, குன்று இருந்தது, நெருப்பு இல்லை. என் குரலில் சூடு இல்லை. இப்படி ஒரு பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பாட முடியாமல் இருப்பது எப்படி என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்குப் பிள்ளைகள் இருந்தால் புரியலாம்.

பொய்ப் பாட்டுப் பாடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சிறைக்கே போகாமல் சிறைப் பாட்டு, குடிக்காமல் குடிப் பாட்டு. என்னால் அது முடியாது. அப்படி ஓர் ஆள் நான்.

ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை, வெயில் இன்னும் மரங்களின் மேல் இருந்தபோது, டூயியின் வீட்டுக்குப் பின்பக்கக் காட்டுப் பாதை வழியாக ஏறிப் போனேன். அவன் வண்டி வாசலில் இல்லை. முன்வாசல் விறகுக்குத் தீ வைத்தேன். வீட்டில் யாரும் இல்லை என்று நினைத்தேன். அப்படித்தான் உங்களிடம் முதல் நாள் சொன்னேன்.

ஓமாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டதால் அன்று டூயி மட்டும்தான் ஜெபத்துக்குப் போயிருந்தான். நெருப்பு வண்டிக்காரர்கள் சர்ச் சட்டையோடு வந்தார்கள். அதற்குள் கூரை இறங்கிவிட்டது. நானும் காட்டைச் சுற்றி வந்து அவர்களோடு வாளி தூக்கினேன். கையில் கொப்புளம் போட்டது. டூயியை உள்ளே ஓடவிடாமல் பிடித்து வைத்தது நான்தான், சார். அவன் என் கையைக் கடித்தான், தழும்பு இருக்கிறது பாருங்கள். நான் பிடிக்கவில்லை என்றால் அவனும் போயிருப்பான். இதையும் எங்காவது எழுதிக்கொள்ளுங்கள்.

அவனை என் டிரெய்லருக்குக் கூட்டிப்போனேன். என் கட்டிலைக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தேன். சூப் வைத்துக் கொடுத்தேன். சவரம் செய்துவிட்டேன். சவ அடக்கத்துக்கு என் கோட்டைப் போட்டுக்கொண்டான், அவனுடையது எரிந்துவிட்டது. அவன் தோளில் கை வைத்துக்கொண்டு கல்லறை ஓரத்தில் நின்றேன். என் அழுகை நடிப்பு இல்லை. இதை நம்ப மாட்டீர்கள், ஆனாலும் சொல்கிறேன்.

ஊர் கச்சேரி வைப்பதாக முடிவு செய்தது. கார்லிஸ் நாஷ்வில்லிலிருந்து வந்து எங்கள் டிரெய்லரில் உட்கார்ந்தாள். நாலாவது நாற்காலி யாருக்கு என்று அவள் கேட்கக்கூட இல்லை. டூயிதான் தரையைப் பார்த்தபடி சொன்னான்: "வெர்லின் பாடட்டும். ஓமாவுக்கு அவன் பாட்டுன்னா உசுரு. எங்கிட்டக்கூட அவ்வளவு சிரிச்சதில்ல அவ."

"ஏதாவது வச்சிருக்கியாப்பா?" என்று கார்லிஸ் என்னைக் கேட்டாள்.

"ஒண்ணு இருக்கு" என்றேன்.

கச்சேரி சனிக்கிழமை மத்தியானம், பள்ளிக்கூடத்துக் கூடத்தில். அவ்வளவு ஜனத்தை நான் பார்த்ததில்லை. மூன்று கவுண்டியிலிருந்து வந்திருந்தார்கள். பீன்ஸ் சட்டிகளை அன்று வேறு யாரோ பார்த்துக்கொண்டார்கள். நீங்களும் போலீஸ் உடுப்போடு பின்பக்கம் நின்று பெக்கான் பை பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். முதல் வரிசையில் டூயி, என் கோட்டில். மேடையில் கார்லிஸ், டல்லி, நாஷ்வில்லிலிருந்து வந்த இன்னொரு பெண், பிறகு நான்.

என் முறை வந்தது. கதை எதுவும் சொல்லாமல் நேராகப் பாடினேன். முதல் சரணம் பாடும்போதே தெரிந்துவிட்டது. குரலில் இருந்தது. வசந்தத்தில் இல்லாதது இப்போது இருந்தது. பிறகு இரண்டாவது:

அடுப்படி ஜன்னல்ல அவ கையி தெரிஞ்சுது,
வாசலு எதுன்னு அங்க பொகைக்குத்தான் தெரிஞ்சுது.

டல்லி வாசிப்பதை நிறுத்திவிட்டான். மற்ற இருவரும் நிறுத்திவிட்டார்கள். என் கிட்டார் மட்டும்தான் கூடத்தில். முடித்தபோது வெள்ளப் பாட்டுக்கு இருந்த அமைதியைவிடப் பெரிய அமைதி. டூயி முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினான். பிறகு ஜனம் எழுந்து நின்றது. உட்காரவே இல்லை. வாசலில் வைத்த பெட்டியில் அன்று விழுந்த மாதிரி எந்தக் கச்சேரியிலும் விழுந்ததில்லை என்று பிறகு சொன்னார்கள். அதையும் யோசித்துப் பார்க்க வேண்டும்.

டல்லி மைக்கைத் தன் பக்கம் இழுத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் பேசினான், ஆனால் பழக்கம் விடவில்லை. "மாப்ளே, கையெடுத்துக் கும்புடறேன்டா. ஆனா ஒண்ணு சொல்லு. நெருப்புப் புடிச்சே இன்னும் மாசம் ஆகல. அதுக்குள்ள இத எழுதிட்டியா? நாங்கள்லாம் ஒரு வரிக்கு ஒரு வருஷம் மொட்டத்தல ஆகறோம். எங்க பொழப்பக் கெடுக்காதடா."

ஜனம் கண்ணீரோடு சிரித்தது.

சார், இங்கே நான் செய்தது தப்பு என்று இப்போது தெரிகிறது. ஆனால் அந்த இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். அவன் சொன்னது என்ன? நான் அவசரமாக எழுதித் தள்ளிவிட்டேன், துக்கத்தில் தானாகக் கொட்டிவிட்டது என்கிறான். மூன்று கார்டு தெரிந்த சித்தி மகன்கூட அப்படி ஒன்றைக் கொட்டுவான். அந்தப் பாட்டில் நான் போட்ட உழைப்பு எனக்குத்தான் தெரியும். மேலும், பாட்டு வந்த கதையில் பொய் சொல்லக்கூடாது. இத்தனை வருஷம் சமையலறையில் நின்று மற்றவர்கள் கதை சொல்லக் கேட்டிருக்கிறேன். இப்போது என் முறை.

"அவசரத்துல எழுதினதில்ல" என்றேன் மைக்கில். "ரெட்பட் பூக்கறப்ப ஆரம்பிச்சது. சோளம் வளர்ற வரைக்கும் தேய்ச்சேன்."

சிலர் சிரித்தார்கள். துக்கத்தில் மாதம் குழம்பிப் பேசுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். டல்லியும் சிரித்தான். கார்லிஸ் சிரிக்கவில்லை. அவள் தன் கிட்டாரைத் தரையில் மெதுவாக வைத்தாள்.

டூயி முகத்திலிருந்து கையை எடுத்தான். அவனும் பாட்டுக் கட்டுகிறவன். அவனிடம் மைக் இல்லை. ஆனால் கூடம் அமைதியாக இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"எந்தச் சரணம் அப்பவே இருந்துச்சு, வெர்லின்?"

மில்லில் சாப்பாட்டு நேரத்தில் கேட்பது மாதிரியேதான் கேட்டான். நானும் அங்கே சொல்வது மாதிரியே சொன்னேன்.

"ரெண்டும்."

அவன் எழுந்து என் கோட்டைக் கழற்றி, மடித்து, மேடை விளிம்பில் வைத்துவிட்டு நடந்துபோனான். நீங்கள் பலகாரத் தட்டைக் கீழே வைப்பதை மேடையிலிருந்தே பார்த்தேன். முறைப்படி அடுத்த பாட்டு கார்லிஸுடையது. அவள் பாடவில்லை. அது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். சுற்றைப் பாதியில் நிறுத்துகிற வழக்கம் கிடையாது.

இனி, நேற்று நீங்கள் கேட்டதற்குப் பதில். வீட்டில் யாரும் இல்லை என்று நினைத்தேன் என்று சொன்னேன் அல்லவா. முற்றத்துக்கு வந்து சேர்கிறவரை அது உண்மைதான். அங்கே வந்ததும் உள்ளே ரேடியோ பாடுவது கேட்டது. ஓமா அதைக் கூடவே தப்பாகப் பாடுவதும் கேட்டது. தீக்குச்சி அப்போது என் கையில்தான் இருந்தது, இன்னும் கிழிக்கவில்லை. திரும்பிப் போயிருக்கலாம். உள்ளே போய் உட்கார்ந்தால் சாப்பாடு போட்டிருப்பாள். கொஞ்சம் யோசித்தேன். இரண்டாம் சரணம் இல்லாமல் முதல் சரணத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அது வெறும் வீடு எரிந்த பாட்டாகப் போய்விடும்.

டூயி போன வாரம் இங்கே ஜெயிலுக்கு வந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து போனை எடுத்தான். இளைத்திருந்தான். திட்டவில்லை.

"ஒண்ணே ஒண்ணு தெரியணும்" என்றான். "அவ கூப்பிட்டாளா?"

"கூப்பிட்டா."

"என்னையா?"

அவனிடம் நான் பொய் சொன்னதில்லை. "இல்ல. என்னை" என்றேன்.

பிறகு நடந்ததைச் சொன்னேன். முன்பக்கம் பற்றிக்கொண்டதும் நான் காட்டுப் பாதைக்காக வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் வந்தேன். அவள் சமையலறை ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துவிட்டாள். அந்தப் பின்கதவு ஆகஸ்ட் மாத ஈரப் புழுக்கத்தில் ஊதிக்கொள்ளும், வெளியிலிருந்து ஓர் ஆள் இழுத்தால்தான் வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் அதை இழுத்துக் கொடுப்பது நான். அவள் கண்ணாடியில் கையை வைத்து, எந்த நாளும் சொல்வது மாதிரியே சொன்னாள்: "வந்துட்டியாடா. இந்தக் கதவ இழு, வெர்லின்." அலறவே இல்லை. நான் வந்துவிட்டதால் பயம் போய்விட்டது போலிருந்தது. நான் நின்றேன். இரண்டாவது முறையும் அதையேதான் சொன்னாள், கொஞ்சம் மெதுவாக. மூன்றாவது முறை சொல்லவில்லை.

டூயி போனை வைத்துவிட்டான். பிறகு ஒரு காவலர் வந்து அவனை எழுப்பிக் கூட்டிப்போனார்.

அவன் போன பிறகுதான் எனக்குத் தோன்றியது. பாட்டில் இரண்டு சரணம்தான் இருக்கிறது. இப்போது மூன்றாவது வந்துவிட்டது. ஓமாவின் சொற்களையே வைத்திருக்கிறேன், ஒரு எழுத்தையும் மாற்றவில்லை, தேய்க்க வேண்டியே இருக்கவில்லை. அதைத் தனிக் காகிதத்தில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். கார்லிஸுக்கு வேண்டாம், டூயிக்குக் கொடுத்துவிடுங்கள். அவன் குரலுக்குத்தான் பொருந்தும், பாடினால் அவனுக்கும் மனசு ஆறும். நண்பன் என்று இருந்துவிட்டு இதுகூடச் செய்யவில்லை என்றால் எப்படி.